சுவர் கொழுப்பு... வேலையாள் புரதம்! பெரம்பலூர் - அரியலூர் வயல்கள் சொல்லும் உடல் ரகசியம்

சாம்பாருக்கு நாலு சின்ன வெங்காயம் நறுக்கினாலே கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அதே சின்ன வெங்காயத்தை பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளம், ஆலத்தூர் பக்கத்து விவசாயிகள் வயலிலேயே பட்டறை போட்டு மாதக்கணக்கில் இருப்பு வைக்கிறார்கள். அந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் போய் நின்றால் வாசம் அடிக்குமே தவிர, யாரும் அழுவதில்லை. கத்தி படும்வரை சாதுவாகக் கிடந்த வெங்காயத்துக்கு, கத்தி பட்டதும் அப்படி என்னதான் நடக்கிறது?

உள்ளே ஒரு சுவர் இடிகிறது.

வெங்காயத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குட்டிப் பை இருக்கிறது. பைக்குள் 'அல்லினேஸ்' என்ற புரதம். பைக்கு வெளியே கந்தகம் கலந்த சில பொருள்கள். இரண்டும் சந்தித்தால் வம்பு. சந்திக்க விடாமல் நடுவில் நிற்பது, கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு. கத்தி அதைக் கிழித்ததும் அல்லினேஸ் பாய்ந்துவந்து கந்தகப் பொருளை உடைக்கிறது. உடைந்த துண்டை இன்னொரு புரதம் வாங்கி, கண்ணைக் கரிக்கும் வாயுவாக மாற்றிவிடுகிறது. இந்த இரண்டாவது புரதத்தை ஜப்பான் விஞ்ஞானிகள் 2002-ல்தான் கண்டுபிடித்து, 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கப்படும் 'இக் நோபல்' பரிசு, 2013-ல் அவர்களைத் தேடிவந்தது.

வெங்காயத்துக்கு நம்மை அழவைக்கும் எண்ணமெல்லாம் இல்லை. தன்னைக் கடிக்கவரும் பூச்சிக்கும் விலங்குக்கும் அது வைத்திருக்கும் கண்ணிவெடி இது. நாம் குறுக்கே மாட்டிக்கொள்கிறோம். வதக்கிய வெங்காயத்தை எவ்வளவு நறுக்கினாலும் கண் எரியாது. சூட்டில் அந்தப் புரதங்கள் உருக்குலைந்துவிடும். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து நறுக்கினால் புரதத்தின் வேலை மந்தமாகும். கூரான கத்தி குறைவான செல்களை நசுக்கும். அம்மாக்களுக்குத் தெரிந்த இந்த வித்தைகளுக்கெல்லாம் பின்னால் இருப்பது, கொழுப்பும் புரதமும் ஆடும் ஆட்டம்தான்.

'கொழுப்பு' என்றதும் தொப்பையும், 'புரதம்' என்றதும் ஜிம்மில் விற்கும் பவுடர் டப்பாவும் நம் நினைவுக்கு வருகின்றன. பாவம், இரண்டுக்குமே இது பொருந்தாத முகவரி. புல், புழு, நாம் என்று உயிருள்ள எதை எடுத்துக்கொண்டாலும், சுவராக நிற்பது கொழுப்பு. பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரதம்.

கொத்தனார் இல்லாத சுவர்

ரசத்தில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு சேராதது கொழுப்பின் குணம். ஆனால், செல் சவ்வில் இருக்கும் 'பாஸ்போலிப்பிட்' என்ற கொழுப்பு கொஞ்சம் விசித்திரமானது. அதற்கு ஒரு தலை, இரண்டு வால்கள். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால்களுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. இப்படிப்பட்ட கோடிக்கணக்கான மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் என்ன செய்யும்? வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இருபுறமும் தண்ணீரைப் பார்த்தபடி வைத்துக்கொண்டு, இரண்டு அடுக்காக வரிசை கட்டி நிற்கும். கொத்தனார், சித்தாள் யாரும் வேண்டாம். சுவர் தானாகவே எழும்பிவிடும்.

இது இரண்டு அடுக்குதான் என்று 1925-ல் சொன்னவர்களில் ஒருவர், நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கோர்ட்டர். அவரும் கிரெண்டல் என்பவரும் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரின்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு பரப்பு வந்தது. அப்படியானால் சுவர் இரட்டை அடுக்குதானே! அதன் கனம் சுமார் 5 நானோமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் கனத்துக்குள் ஏறக்குறைய 20,000 சவ்வுகளை அடுக்கிவிடலாம்.

சுவர் இருந்தால் கதவும் வேண்டும். சர்க்கரையும் உப்பும் இந்தக் கொழுப்புச் சுவரைத் தாண்டிப்போக முடியாது. அவற்றுக்குக் கதவாக இருப்பவை சுவரில் பதிந்திருக்கும் புரதங்கள். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இன்சுலின் வந்து தசைச் செல்லின் காலிங்பெல்லை அழுத்துகிறது. சர்க்கரைக்கான கதவுகள் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. அந்த இன்சுலினும் ஒரு குட்டிப் புரதம்தான். 'இன்சுலினை மாத்திரையாக விழுங்கக் கூடாதா, எதற்கு தினமும் ஊசி?' என்று கேட்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு இதுதான் பதில். வயிற்றுக்குள் போனால், பருப்பையும் முட்டையையும் செரிப்பதுபோல அதையும் செரித்துவிடும்.

கதம்பச் சரம்

புரதம் எப்படி உருவாகிறது? கதம்பம் தொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லி, கனகாம்பரம், மரு, துளசி என்று வரிசையாகத் தொடுப்பதுபோல, 20 வகை அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் புரதம். இன்சுலினில் மொத்தமே 51. சில புரதங்களில் ஆயிரக்கணக்கில். எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்பதை மரபணு சொல்கிறது. தொடுத்த சரம் அப்படியே நீளமாகக் கிடப்பதில்லை. சுருண்டு, மடிந்து தனக்கென ஒரு வடிவத்தை எடுக்கிறது. அந்த வடிவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாவது, மடிந்திருந்த சரங்கள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான். அந்தச் சிக்கலைச் சமையலறையில் பிரிக்க முடியாது. வெந்த முட்டை தானாக மறுபடி பச்சை முட்டை ஆவதும் இல்லை.

இந்தச் சரம் எந்தெந்தக் கோணத்தில் வளையலாம், எப்படி வளைய முடியாது என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. அது எழுதப்பட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்', இன்று உலகின் எந்த மூலையில் புரத வடிவத்தைக் கண்டறிந்தாலும் சரிபார்க்கும் உரைகல். செயற்கை நுண்ணறிவை வைத்துப் புரத வடிவங்களைக் கணித்ததற்காக 2024-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்களே, அந்தக் கணிப்புகளையும் இந்தச் சென்னை வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதற்கும் முன்பே, 1954-ல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்ற புரதம் மூன்று புரியாக முறுக்கிய கயிறு என்று ராமச்சந்திரன் சொல்லிவிட்டார். நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் இழுத்துப் பிடித்திருப்பது அந்தக் கயிறுதான்.

கொலாஜன் என்றதும் முகப்பொலிவுக்கு விற்கப்படும் பவுடர்கள் சிலருக்கு ஞாபகம் வரலாம். குடித்த கொலாஜன் நேராகக் கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. மற்ற புரதங்களைப்போல அதுவும் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் சேரும். உடல் தானே கொலாஜன் கயிறு திரிக்க வைட்டமின் சி அவசியம். ஒரு நெல்லிக்காய் என்ன விலை, அந்த டப்பா என்ன விலை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பருத்திக் காட்டில் என்ன நடந்தது?

இந்தச் சுவரும் வேலையாளும் ஒரே நேரத்தில் தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதைப் பெரம்பலூர் மாவட்டம் 2017 அக்டோபரில் பார்த்தது. பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் உயிரிழந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கும் பருத்திதான்.

'பி.டி. பருத்தி வந்த பிறகும் ஏன் மருந்தடிக்க வேண்டும்?' என்று கேட்கலாம். அந்தப் பருத்திச் செடி ஒரு பாக்டீரியாவின் புரதத்தைத் தனக்குள் தயாரிக்கிறது. இலையைத் தின்னும் காய்ப்புழுவின் குடலில் அந்தப் புரதம் ஒட்டிக்கொண்டு, செல் சவ்வில் ஓட்டை போடுகிறது. அது ஒட்டுவதற்கு ஏற்ற வடிவம் நம் குடலில் இல்லை. ஆனால், அதே காரணத்தால் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்றவற்றையும் அது ஒன்றும் செய்வதில்லை. காய்ப்புழுக்களிலும் சில வகைகள் அதற்குப் பழகிவிட்டன. ஆகவே தெளிப்பான் டேங்க் இன்னும் விவசாயியின் தோளைவிட்டு இறங்கவில்லை.

புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை 'ஆர்கனோபாஸ்பேட்' குடும்பத்து விஷங்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கிற மருந்துகளில் இவையும் உண்டு. எண்ணெய்த் தன்மை கொண்டவை என்பதால்தான் அப்படி வெளுக்கின்றன. இங்கேதான் ஆபத்து. நம் மேல்தோல், செங்கலும் சாந்தும்போல அடுக்கப்பட்டது. செங்கல், கெரட்டின் என்ற புரதம் நிறைந்த செல்கள், சாந்து, கொழுப்பு. மழையில் நனைந்தாலும் தண்ணீர் நமக்குள் ஊறிவிடாமல் தடுப்பது அந்தக் கொழுப்புச் சாந்துதான். ஆனால், கொழுப்பில் கரையும் விஷத்துக்கு அதுவே வழி. வியர்வையில் நனைந்த முதுகு, கசியும் டேங்க், நனைந்த பனியன் போதும். வாயில் ஒரு சொட்டும் படாமலே விஷம் உள்ளே போய்விடும். மூச்சோடு போகும் துகள்கள் தனி.

உள்ளே போனதும் அது தேடுவது ஒரே ஒரு புரதத்தை. 'கையை மடக்கு' என்று நரம்பு தசைக்குச் சொல்லும்போது, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சேதி கொண்டுபோகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் தசை மடங்கியே இருக்கும். அழிப்பது 'அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ்' என்ற புரதம். பெயர்தான் வாயில் நுழையாது, வேலையில் சூரன். ஒரே மூலக்கூறு ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான சேதிகளைத் துடைத்துவிடும். விஷம் நேராக இந்தப் புரதம் வேலை செய்யும் இடத்தில் போய், பூட்டுக்குள் உடைந்த சாவிபோல மாட்டிக்கொள்கிறது.

அதன்பிறகு சேதிகள் அழியாமல் குவிகின்றன. கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு வரும். கடைசியில் மூச்சுக்குழல் சளியால் நிரம்பி, மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். மருத்துவமனையில் கொடுக்கும் அட்ரோபின், குவிந்த சேதிகள் சில உறுப்புகளைப்போய்த் தட்டாமல் மறிக்கிறது. 'பாம்' என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் இன்னொரு மருந்து, புரதத்தில் மாட்டிய விஷத்தைக் கழற்றப் பார்க்கிறது. நேரம் போகப்போக விஷம் அங்கேயே இறுகிவிடும். அதன்பிறகு கழற்ற முடியாது. 'கொஞ்சம் தலைசுத்தல், மோர் குடிச்சிட்டுப் படுத்தா சரியாகிடும்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அதனால்தான் அவ்வளவு விலை உயர்ந்தது.

மருந்தடிப்பவருக்கு மயக்கமோ குமட்டலோ வந்தால், உடனே வயலைவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். நனைந்த துணிகளைக் கழற்றிவிட்டு, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்பு போட்டுத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வெறும் தண்ணீர் போதாது. சோப்பும் கொழுப்பிலிருந்து செய்ததுதான். அதற்கும் தண்ணீரை விரும்பும் தலையும் எண்ணெயைப் பிடிக்கும் வாலும் உண்டு. எண்ணெய் விஷத்தை அந்த வால் பற்றிக்கொள்ள, தலை தண்ணீரோடு இழுத்துப்போய்விடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்கு அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள். பெயர் தெரிந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம்.

இன்னொன்று. மருந்தடித்த வேட்டியையும் சட்டையையும் துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அந்த எச்சரிக்கைப் பலகை எந்த டப்பாவிலும் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. அந்தத் துணிகளைக் குழந்தைகள் துணியோடு ஊறவைக்காமல், தனி வாளியில், கையுறையோடு துவைக்க வேண்டும்.

மக்காச்சோளம் முட்டையாகிறது

பருத்தியோடு இந்தப் பக்கத்து மானாவாரிக் காடுகளை நிறைத்திருப்பது மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்து இரண்டு மாவட்டத்துச் சோளக்காடுகளையும் சல்லடையாக்கியது பலருக்கு மறந்திருக்காது. (அந்தப் புழுவின் ஆண் அந்துப்பூச்சியை மயக்கிப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் இருப்பது, கொழுப்பு அமிலத்திலிருந்து பிறந்த ஒரு வாசனை. கொழுப்பு காதல் கடிதமும் எழுதும்.)

விளையும் சோளத்தில் பெரும்பகுதி நம் தட்டுக்கு வராமல், கோழித் தீவனமாக நாமக்கல் பக்கம் போகிறது. சோளத்தில் மாவுச்சத்து தாராளம். புரதம் 100-க்கு 9, 10 பங்கு இருக்கும். ஆனால், அந்தப் புரதத்தில் ஏறக்குறைய பாதி 'ஸீன்' என்ற வகை. அதில் லைசின், டிரிப்டோபான் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட இல்லை. கதம்பம் தொடுக்கும்போது மல்லி தீர்ந்துவிட்டால், கனகாம்பரம் கூடை கூடையாக இருந்தாலும் சரம் அங்கேயே நின்றுவிடும். உடலும் அப்படித்தான். 9 அமினோ அமிலங்களை நம்மால் தயாரித்துக்கொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி, அமெரிக்கத் தென்பகுதி ஏழைகளைத் தோல் வெடித்து, புத்தி தடுமாறவைத்த 'பெலக்ரா' நோய் வாட்டியதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி.கோபாலன், நம் நாட்டுச் சோளம் உண்பவர்களிடமும் பெலக்ரா இருப்பதை ஹைதராபாத்தில் இருந்து ஆராய்ந்து எழுதினார்.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. சோளத்தோடு சோயாப் புண்ணாக்கு சேர்க்கிறார்கள். தேவைக்கு லைசினையும் தனியாகக் கலக்கிறார்கள். கோழி அதையெல்லாம் தின்று, 9 அமினோ அமிலங்களும் சரியான அளவில் உள்ள முட்டையாகக் கொடுக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அந்த முட்டை சத்துணவில் ஏறி, சோளம் விளைந்த ஊர்ப் பள்ளிக்கே திரும்பிவருகிறது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. 1989-ல், கருணாநிதி ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் கட்சி மாறினாலும் குறையாமல் கூடிக்கொண்டே வந்த வெகுசில விஷயங்களில் இந்த முட்டையும் ஒன்று.

முட்டை சாப்பிடாத வீடுகள் கவலைப்பட வேண்டியதில்லை. அரிசியில் லைசின் குறைவு; பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடுகட்டும். சாம்பார் சாதமும் பொங்கலும் இட்லியும் அமினோ அமிலம் என்ற பெயரே தெரியாத காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட முழுப் புரதங்கள். ஆனால், பருப்பு கண்ணில் தெரிய வேண்டும். குண்டான் நிறைய சாதம் வடித்து, மேலே தெளிவாக ரசம் ஊற்றினால் சரம் பாதியில் நிற்கும். வளரும் பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பல் போன தாத்தாவுக்கும் இது முக்கியம். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு, சட்டியின் அடியில் மிஞ்சிய தெளிவை ஊற்றிக்கொள்ளும் அம்மாவுக்கு இன்னும் முக்கியம்.

ஆண்டிமடத்து முந்திரி

அரியலூர் மாவட்டத்தில் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் போனால் செம்மண்ணில் முந்திரித் தோப்புகள். 'முந்திரியில கொலஸ்ட்ரால் ஜாஸ்தி' என்று பாயசத்திலிருந்து பொறுக்கி ஓரம் ஒதுக்குபவர்கள் உண்டு. கொலஸ்ட்ரால் விலங்குகளின் செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு. முந்திரி தாவரம், அதில் கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லலாம். கொழுப்பு 100 கிராமுக்கு 45 கிராம் அளவுக்கு உண்டு, அதனால் கலோரியும் அதிகம். கைப்பிடி அளவு போதும் என்பதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி ஒலிக் அமிலம். அதன் வாலில் ஒரு வளைவு இருக்கும். வளைந்த வால்களை நெருக்கி அடுக்க முடியாது. அதனால் திரவமாக இருக்கும். நெய்யிலும் தேங்காய் எண்ணெயிலும் நேரான வால்கள் அதிகம். விறகுக்கட்டுபோல நெருங்கி அடுக்கிக்கொள்வதால் மார்கழிக் குளிரில் உறைந்துபோகின்றன. எண்ணெயின் வளைந்த வாலைத் தொழிற்சாலையில் நிமிர்த்தும்போது பிறக்கும் டிரான்ஸ் கொழுப்புதான் இதயத்துக்கு உண்மையான வில்லன். 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், வனஸ்பதிகளில் அதற்கு 2 சதவிகித உச்சவரம்பு இருக்கிறது.

முந்திரிக்கு இவ்வளவு கொழுப்பு எதற்கு? முளைக்கப்போகும் கன்றுக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ கொடுப்பது 4 கலோரி என்றால், கொழுப்பு கொடுப்பது 9. சின்ன விதைக்குள் நிறைய அடைக்கலாம்.

கொழுப்புக்கு ஆயுளும் அதிகம். அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் பழங்காலக் கடல் உயிரிகளின் ஓடுகளைப் பார்க்க உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஓடு இருக்கிறது, உள்ளே இருந்த சதையின் புரதம் என்றோ மக்கிவிட்டது. ஆனால், காவிரிப் படுகையின் ஆழத்தில், சேற்றோடு புதைந்த உயிரினங்களின் கொழுப்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து கச்சா எண்ணெயாக மாறியிருக்கிறது. அந்த எண்ணெயைப் பிறப்பித்த முக்கியமான பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர், 'ஆண்டிமடம் படிவம்'. மேலே முந்திரித் தோப்பு நிற்கும் அதே ஆண்டிமடத்தின் பெயர்தான்.